திருப்பி வாசிக்காதவர்

பிற்பகல் மூன்று மணிக்குப் புதுச்சேரியின் பம்புகளில் பாதியை நிறுத்தி ஆறவைப்பார்கள். கடற்சுவருக்கு உள்ளே கசியும் தண்ணீரை இரவு பகலாக அள்ளிக் கொட்டும் பம்புகள் அவை. மீதிப் பாதி போடும் சத்தமே ஒரு ஊரைச் செவிடாக்கப் போதும் என்றாலும், அந்த இரண்டு மணி நேரம் தரை அதிர்வது குறையும். பேஸ் வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கத் தோதான வேளை அதுதான். அதனால் நீலமாடி கிளப்பின் சனிக்கிழமைக் கச்சேரி எப்போதும் பட்டப்பகலில்தான். இதென்ன ஜாஸ் கச்சேரியா, மத்தியானச் சாப்பாடா என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். கேலி செய்துவிட்டு ஓடிப்போய் முன்வரிசையில் இடம் பிடிப்பார்கள்.

பெலிசித்தா தன்னைவிட உயரமான வாத்தியத்தை மேடையில் நிமிர்த்திவிட்டு, காதிலிருந்த செவிமணியை விரலால் அழுத்திச் சரிசெய்துகொண்டாள். பட்டாணி அளவுதான் இருக்கும். ஊரில் அதைப் போடாத ஆள் கிடையாது. பம்புகள் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கே பள்ளியில் சேர்வதற்குள் பாதிக் காது போயிருக்கும். அறுபதைத் தாண்டிய பெலிசித்தாவுக்குச் சொல்லவே வேண்டாம். செவிமணிதான் இரைச்சலை வடிகட்டி, எதிரில் இருப்பவர் பேசுவதை மட்டும் எடுத்துக் கொடுத்தது. அதைக் கழற்றினால் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. பம்பே இல்லாத மலையூருக்குப் போய்க் கழற்றினாலும் காதுக்குள் அதே இரைச்சல்தான். இப்போதெல்லாம் மனுஷனுக்குக் காது இருப்பது மூக்குக்கண்ணாடி மாட்டத்தான் என்று சவரிராயன் சொல்வார்.

சவரிராயன்தான் நீலமாடியின் சாக்ஸபோன்காரர். எழுபதைத் தாண்டியவர், ஒல்லி, வாய் கொஞ்சம் நீளம். குழுத்தலைவரை முசே என்று அழைப்பது அந்தப் பழைய பிரெஞ்சு ஊரின் வழக்கம். குழு என்று இப்போது மிச்சமிருந்தது பெலிசித்தா ஒருத்திதான் என்றாலும் அவளும் அவரை முசே என்றே அழைத்துவந்தாள். டிரம்ஸ் வாசித்த அவளுடைய அண்ணன் தனிஸ்லாஸ் பெரிய வெள்ளத்தில் போய்விட்டான். அவன் இடத்தில் வேறு ஆளை உட்காரவைக்க முசே சம்மதிக்கவில்லை. தாளப்பொறி ஒன்று வாங்கலாமே என்று கிளப்காரர்கள் கேட்டபோது, "அதுக்கு நம்ம ஊரு பம்பே தேவல" என்றுவிட்டார். அன்றிலிருந்து மேடையில் சாக்ஸபோனும் பேஸும் மட்டும்.

அன்றும் மாடி நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஒருவன் தன்னுடன் வந்தவளிடம், "பாரேன், கடைசி வரைக்கும் ஒரு ஓட்டை விழாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஏதோ அவனே வாசிக்கப்போவதுபோல.

ஓட்டை வந்த கதை சுருக்கமானது. பொறிகள் எல்லாருடைய இசையையும் தின்று புதிய இசையாகக் கக்கிக்கொண்டிருந்த காலத்தில், வாத்தியக்காரர்கள் தெருவில் இறங்கிப் போராடி வாங்கிய சட்டம் ஒன்று உண்டு. தடக்காப்புச் சட்டம் என்று பெயர். வெளியிடப்பட்ட ஒரு வாசிப்பில் ஏழு சுரமோ அதற்கு மேலோ தொடர்ந்து வந்தால் அது ஓர் ஒலித்தடம். அந்தப் பதிவை யார் வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கே தடம் சொந்தம். அனுமதி இல்லாமல் வேறு யார் அதை வாசித்தாலும், மனிதனோ பொறியோ, செவிமணி அதைக் காதுக்கு விடாது. முதல் ஆறு சுரம் கேட்கும், ஏழாவதில் அறுந்துபோகும். அந்தத் தொடர் முடியும்வரை அந்த வாத்தியம் மட்டும் உலகத்தில் இல்லாததுபோல் இருக்கும். அதைத்தான் ஓட்டை விழுவது என்றார்கள். சட்டம் கேட்டுப் போன ஊர்வலத்தில் சவரிராயனும் கொடி பிடித்தார். சட்டம் வந்தபோது நீலமாடியில் கேக் வெட்டினார்கள்.

கேக் தின்றவர்கள் யாரும் யோசிக்காதது, பதிவுகள் தங்களிடம் இல்லையே என்பதுதான். இசை வெளியிடும் ஒலியகங்கள் பழைய பதிவுகளை வாங்கிக் குவித்தன. ஜாஸில் யார் யாரோ எப்போதோ ஊதிய நல்ல தொடர்கள் எல்லாம் பூட்டுக்குள் போய்விட்டன. அவற்றைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் சாக்ஸபோனை வாயில் வைத்தாலே ஓட்டைதான். போன மாதம் இதே மேடையில் சென்னையிலிருந்து வந்து வாசித்த பையனுடைய கச்சேரி, சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததுபோல் இருந்தது.

சவரிராயனைக் காப்பாற்றியது அவருடைய சோம்பல். யாருடைய இசைத்தட்டையும் அவர் உட்கார்ந்து கேட்டதில்லை. கைக்கு வந்ததை ஊதி, அது பழகி, அதுவே அவருடைய பேச்சாகிவிட்டது. ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டவர்களையும் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். ஆகவே அவர் வாசித்த எதுவும் எந்த ஒலியகத்திலும் இல்லை. ஒரு மணி நேரம் விடாமல் முழுதாகக் கேட்கக்கூடிய சாக்ஸபோன் இந்தக் கரையில் அது ஒன்றுதான். பேஸுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, டிரம்ஸுக்கும் பொருந்தாது. முன்னால் நிற்பவர் வாசிக்கும் மெட்டைத்தான் சட்டம் இசையாகக் கணக்கில் எடுத்தது. பின்னால் நிற்பவர்கள் ஏதோ செய்கிறார்கள், செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டது.

அன்று கச்சேரி முடிந்து கூட்டம் இறங்கிய பிறகும் ஒரு பெண் எழுந்திருக்காமல் இருந்தாள். தென்கடல் ஒலியகத்திலிருந்து வருவதாகவும் தன் பெயர் சங்கமித்திரை என்றும் சொன்னாள். முசேயின் முன்னால் உட்காரவே தயங்கினாள்.

"லெயோன்னு இந்த கிளப்போட பழைய முதலாளி ஒருத்தர் இருந்தாராமே சார்."

"இருந்தான். குடிகாரன். ஆனா தங்கமான ஆளு" என்றார் சவரிராயன்.

"அவர் வீட்டை இடிக்கும்போது ஒரு பிஸ்கட் டின் கிடைச்சுது. உள்ள பூராவும் நினைவுச்சில்லு. அந்த ஃபேனுக்கு மேல ஒரு மைக்கை ஒளிச்சு வெச்சிருந்திருக்கார். பம்பெல்லாம் வர்றதுக்கு முன்னாடி நீங்க மூணு பேரும் வாசிச்ச கச்சேரி. ரெண்டு வருஷத்துது அப்படியே இருக்கு."

சவரிராயன் மேலே சுழன்றுகொண்டிருந்த விசிறியை நிமிர்ந்து பார்த்தார். "திருட்டுப் பய" என்றார். குரலில் கோபம் இல்லை.

சங்கமித்திரை தன் மணிக்கட்டைத் தொட்டாள். சவரிராயன், பெலிசித்தா இருவருடைய செவிமணிக்குள்ளும் பழைய நீலமாடி திறந்துகொண்டது. நாற்காலி இழுபடும் சத்தம், கண்ணாடித் தம்ளர்கள், லெயோனின் இருமல். பிறகு தனிஸ்லாஸ். தாளத்தைத் தொடங்குமுன் அவன் நாக்கை மேலண்ணத்தில் இரண்டு தரம் தட்டுவான். அந்தத் தட்டல் முதலில் வந்தது, பின்னாலேயே டிரம்மின் தோல்மேல் பிரஷ் உரசும் ஓசை. பெலிசித்தாவுக்கு அழுகை வந்தது. யார் பார்த்தால் என்ன என்று அழுதாள். வீடும் சாமான்களும் வெள்ளத்தோடு போனபிறகு அண்ணனுடைய சத்தம் என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. அவன் தாளம் எப்படி இருந்தது என்பதுகூட அவளுக்கு மங்கிப்போயிருந்தது. இதோ இருக்கிறான், சற்றே அவசரக்காரனாக, அரை மாத்திரை முன்னால் விழுந்துகொண்டு.

"இதை வெளியிட உங்க சம்மதம் வேணும் சார். குழுத்தலைவர் சொன்னா போதும், மத்தவங்க சம்மதம் சட்டப்படி தேவையில்ல" என்றாள் சங்கமித்திரை.

"முசே வேணாம்னு சொன்னா?" என்று கேட்டாள் பெலிசித்தா.

"அப்படியே பூட்டிடுவோம் மேடம். சாரோட காலத்துக்கு அப்புறம்தான் திறக்கலாம்."

"இப்ப கேட்டமே, இதக்கூட மறுபடி கேக்க முடியாதா?"

"முடியாது மேடம். வெளிவராத பதிவை ஒரு தரம்தான் போட்டுக் காட்ட எங்களுக்கு உரிமை." பிறகு அவள் சவரிராயனைப் பார்த்தாள். நல்ல பெண், சொல்ல வேண்டியதை மறைக்கவில்லை. "ஒண்ணு யோசிச்சுக்குங்க சார். வெளிவந்துட்டா அதுல இருக்கற தடம் எல்லாம் ஒலியகத்தோடது ஆயிடும். வாசிச்சவரே ஆனாலும் அனுமதி வாங்கித்தான் மறுபடி வாசிக்க முடியும். நாளைக்கு உங்களுக்கு ஓட்டை விழும்."

சவரிராயன் சிரித்தார். "எனக்கா? அம்மா, ஒரு தரம் வாசிச்சத நான் மறுதரம் வாசிச்சதே கெடையாது. அதுக்குப் பேருதான் ஜாஸு. அன்னிக்கு ஊதனது அன்னிக்கே காத்துல போச்சு. அந்த டின்னுல இருக்கறவன் வேற ஆளு. வேணும்னா இவள கேளுங்க. நாப்பது வருசமா பக்கத்துல நிக்கிறா."

இரண்டு பேரும் பெலிசித்தாவைப் பார்த்தார்கள்.

நாற்பது வருடமாகப் பக்கத்தில் நிற்பவளுக்குத் தெரியாததா? மெதுவான உருப்படி முடியும் இடத்தில் முசே உயரப் போவார், ஒரு நொடி தயங்குவார், பிறகு இறங்கிவந்து, வீட்டு வாசலில் செருப்பைத் தேடுவதுபோல் ஒரு சுற்றுச் சுற்றி ஆதார சுருதிக்கு வந்து சேர்வார். வேகமான உருப்படியில் அவருக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் ஒரு கொக்கி உண்டு; அந்தக் கொக்கியில் தொங்கித்தான் அடுத்த சுற்றுக்குத் தாவுவார். இப்படி அவரிடம் இருப்பவை அதிகமில்லை. அவற்றை அவர் அடுக்கும் விதம்தான் மாறும். அவர் எங்கே போகப்போகிறார் என்பது தெரிவதால்தான் அவளால் ஒரு அடி முன்னதாகப் போய் அந்தச் சுரத்தில் காத்துநிற்க முடிந்தது. இந்தம்மாவுக்கு எப்படித் தெரிகிறது என்று ஊரே வாய்பிளந்தது அதற்குத்தான். பெலிசித்தா அந்த ரகசியத்தை யாரிடமும் சொன்னதில்லை. முசேயிடம் சொல்லவே சொல்லாத விஷயம் அது. தாம் ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாகப் பிறப்பதாக நம்பும் மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது?

வெளியாள் முன்னால் தலைவர் பேச்சை மறுப்பதில்லை என்பது குழுவின் வழக்கம். அவள் அதைச் சாக்காகச் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆனால் உண்மைக் காரணம் காதுக்குள் இருந்தது. பிரஷ் இன்னும் உரசிக்கொண்டிருந்தது. அது நின்றுவிடக்கூடாது என்பதைத் தவிர அவளுக்கு அந்த நேரத்தில் வேறு எண்ணமே இல்லை.

"ஆமாம்மா, முசே திருப்பி வாசிக்க மாட்டாரு" என்றாள்.

மழைக்காலம் தொடங்கியபோது 'நீலமாடி நேரலை' வெளிவந்தது. இவ்வளவு வரவேற்பை ஒலியகமே எதிர்பார்த்திருக்காது. செவிமணியில் அதைக் கேட்டபடி தெருவில் எதிரே வருகிறவர்களின் தலை எல்லாம் ஆடியது. இப்படி ஒருவர் நம்மிடையே இருந்தாரா என்று எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதினார்கள். சவரிராயன் தலைகால் புரியாமல் திரிந்தார். மீன் விற்கிற பெண் அவரிடமிருந்து காசு வாங்க மறுத்ததை நான்கு பேரிடம் சொன்னார். தம் பழைய வாசிப்பை மட்டும் அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் தமக்குத் தெரியாமலே அது கையில் ஒட்டிக்கொள்ளும் என்றார்.

பெலிசித்தா கேட்டாள். சமைக்கும்போது, துணி உலர்த்தும்போது, படுக்கையில், எந்நேரமும் கேட்டாள். முதல் நாள் சந்தோஷமாகக் கேட்டவளுக்கு இரண்டாம் நாள் பயம் பிடித்தது. செருப்பைத் தேடும் சுற்று இருந்தது. கொக்கி இருந்தது. அவர் இன்றும் வாசிப்பவை எல்லாம், ஒன்றுவிடாமல், அதில் இருந்தன.

அந்தச் சனிக்கிழமை படிக்கட்டு வரை ஆட்கள் நின்றார்கள். சவரிராயன் புதுச்சட்டை போட்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்து வணங்கிவிட்டு மெதுவான உருப்படி ஒன்றைத் தொடங்கினார். ஆறு சுரம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

அவர் கன்னம் உப்பியிருந்தது, விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன, மாடி முழுக்கக் கேட்டது பெலிசித்தாவின் பேஸ் மட்டும். அவரும் செவிமணி போட்டவர்தானே, அவருக்கும் கேட்கவில்லை. வாசிப்பதை நிறுத்தி, காதைத் தட்டிப்பார்த்து, சிரித்துச் சமாளித்து, வேறொன்றைத் தொடங்கினார். அதுவும் ஆறாவது சுரத்தோடு போயிற்று. முன்வரிசையில் ஒருவர் வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார். மூன்றாவது முயற்சியில் கொஞ்ச தூரம் போக முடிந்தது, பிறகு மூச்சு வாங்கும் இடம் வந்தது, கொக்கி வந்தது, அறுந்தது. அதற்குப்பிறகு அவர் நிறுத்தவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஊதிக்கொண்டே இருந்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டு மூன்று சுரம் காதில் விழும், மறுபடி மௌனம்.

பெலிசித்தா வாசிப்பை விடவில்லை. ஓட்டைக்குள் அவர் எங்கே இருக்கிறார் என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. உயரப் போகிறார், தயங்குகிறார், இறங்குகிறார். அவள் முன்னே போய் நின்றாள். அவர் வந்து சேர்ந்தார். கேட்காத வாசிப்புக்கு அவ்வளவு சரியாகத் துணை போனது அவளுக்கே கொடுமையாக இருந்தது.

அப்போது நடு மேசையில் ஒருவர் தம் செவிமணியை இரண்டு தரம் தட்டினார். பக்கத்தில் இருந்த பெண்ணும் தட்டினாள். அது பரவியது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுவதும் ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தது. பெலிசித்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தலைகள் அவள் தாளத்துக்கு ஆடவில்லை. சற்றே அவசரமான, அரை மாத்திரை முன்னால் விழும் ஒரு தாளத்துக்கு ஆடின. அது தனிஸ்லாஸின் தாளம் என்பது பிறகுதான் உறைத்தது. மேடையில் நிற்பவரைப் பார்த்துக்கொண்டே அவருடைய பழைய வாசிப்பைக் கேட்கிறார்கள். யாரும் எழுந்து போகவில்லை. கடைசியில் பலமாகக் கைதட்டினார்கள்.

எல்லாரும் போனபிறகு சவரிராயன் மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நிறுத்திவைத்திருந்த பம்புகள் திரும்ப ஓடத் தொடங்கி, தரை அதிர ஆரம்பித்தது.

"நான் வாசிக்கிறது பூரா அதுல இருக்குதா பெலி?"

"இருக்குது முசே."

"பூராவுமா?"

அவள் தலையசைத்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்குத் தெம்பில்லை. "தெரியும்."

"எத்தினி நாளா?"

"மொத வருசத்துலேந்தே. நீங்க எங்க வருவீங்கன்னு தெரிஞ்சதாலதான் என்னால கூட வர முடிஞ்சுது."

"அப்புறம் ஏன் அந்தப் பொண்ணுகிட்ட அப்பிடிச் சொன்ன?"

"காதுல அண்ணன் இருந்தான் முசே. நீங்க வேணாம்னுட்டா அவன் மறுபடி போயிடுவான்னு பயந்துட்டேன்."

அவர் சாக்ஸபோனை மடியிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். "அதுக்குக் கோவம் இல்ல. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா நாப்பது வருசமா நான் ஒரே பேச்சத்தான் பேசிக்கினு இருந்தேன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்."

"பேச்சுன்னா அப்பிடித்தான முசே இருக்கும். எங்க அண்ணன் சாவுற வரைக்கும் ஒரே சிரிப்புதான் சிரிச்சான். தெனம் ஒரு மாதிரி சிரிச்சிருந்தான்னா யாரோன்னுதான் நெனச்சிருப்போம்."

"ஆறுதலுக்கு நல்லாருக்குது" என்றார் சவரிராயன். "வாசிக்கறதுக்கு ஆவாது."

மறுநாள் அவர் சங்கமித்திரையைக் கூப்பிட்டுப் பேசினார். பெலிசித்தா பக்கத்தில் இருந்தாள். வெளியிட்டதைத் திரும்பப் பெற முடியாது, பெற்றாலும் தடம் தடம்தான் என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஆனா அனுமதி உங்களுக்கு உடனே தருவோம் சார். என் பொறுப்பு. எந்தக் கச்சேரியில எந்தத் தடத்தை எந்த இடத்துல வாசிக்கப் போறீங்கன்னு வரிசையா எழுதி முன்னாடியே அனுப்பிடுங்க. அந்த இடத்துல மட்டும் செவிமணி திறந்துக்கும்."

"இன்னா வாசிக்கப் போறேன்னு முன்னாடியே தெரிஞ்சா நான் இன்னாத்துக்கும்மா படியேறப் போறேன்?" என்றார் சவரிராயன். பாவம் அந்தப் பெண். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஒருமுறை அதையும் முயன்றுபார்த்தார். எழுதி அனுப்பினார், அனுமதி வந்தது, மேடையில் எழுதியபடி வாசிக்கத் தொடங்கினார். பாதியில் கை தன் போக்கில் வேறு பக்கம் திரும்பிவிட்டது. திறந்திருந்த இடத்தில் அவர் இல்லை. அவர் இருந்த இடம் மூடியிருந்தது. எழுதி அனுப்புகிற வேலையை அதோடு விட்டார்.

பிறகுதான் அவர் 'நீலமாடி நேரலை'யைக் கேட்க ஆரம்பித்தார். ரசிப்பதற்காகக் கேட்கவில்லை. எதையெல்லாம் வாசிக்கக்கூடாது என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். ஒவ்வொரு பழக்கத்தையும் கண்டுபிடித்து, கையிலிருந்து பிடுங்கி எறியப் பயிற்சி செய்தார். மேலே போனால் தயங்கக்கூடாது. தயங்கினால் இறங்கக்கூடாது. மூச்சு வாங்கவேண்டிய இடத்தில் வாங்காமல் வேறெங்கோ வாங்கினார். நெஞ்சு வலிக்கிறது என்றார். எழுபது வயதில் ஒருவர் தம் நடையை மாற்றி நடக்கப் பழகுவதைப் பார்க்க பெலிசித்தாவுக்குச் சகிக்கவில்லை. ஆனாலும் தினமும் போய் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள்.

ஆறு சுரம் போகும், அறுந்துபோகும். அவர் கையை ஓங்கிக்கொண்டு சுவரை முறைப்பார். மறுபடி தொடங்குவார். ஒருநாள் நடுவில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீ அங்க போயி நிக்கிற" என்றார்.

"எங்க?"

"அந்த சொரத்துல. நீ போயி நின்னா என் கை தன்னால அங்க வருது."

அடுத்த முறை அவள் வேறு சுரத்துக்குப் போனாள். அவர் தடுமாறினார், தேடினார், பழைய இடத்துக்கே வந்து ஓட்டைக்குள் விழுந்தார். அந்த இடத்தில் அவள் வாசிக்காமலே இருந்து பார்த்தாள். அவள் சும்மா இருப்பதே அந்த இடம் எது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தது. ஒரு வாரம் என்னென்னவோ செய்துபார்த்தார்கள். எதற்கும் பலன் இல்லை. அவளுடைய நான்கு தந்திகளிலும் அவர் முழுதாக இருந்தார்.

"கொஞ்ச நாளைக்கு நான் தனியா வாசிக்கிறேன் பெலி" என்றார் அவர், சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டே.

"எத்தினி நாளைக்கு முசே?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வாத்தியத்துக்கு உறை மாட்டினாள். சண்டை போட்டிருக்கலாம், நாற்பது வருடக் கணக்கைச் சொல்லிக் கத்தியிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கத்துவது? அவருக்கு வாசிப்பதைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் கிடையாது. அதைப் பிடுங்கிக் கொடுத்ததில் அவளுக்கும் பங்கு உண்டு. வீட்டுக்கு வந்து செவிமணியில் அண்ணனைக் கேட்கப் போனவள், பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அதில் மூன்று பேர் வாசித்தார்கள். மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். அவளுக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை.

நீலமாடியில் சவரிராயன் தனியாக வாசிக்கப்போகிறார் என்ற செய்தி கோடைக்காலத்தில் வந்தது. பெலிசித்தா மற்றவர்களோடு வரிசையில் நின்று படியேறி, கடைசி மேசையில் உட்கார்ந்தாள். மேடையைக் கீழே இருந்து பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை. இவ்வளவு சிறியதா என்று இருந்தது. பக்கத்து நாற்காலியில் கோயமுத்தூரிலிருந்து வந்த ஒருவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார்.

சவரிராயன் வந்தார். இளைத்திருந்தார். வழக்கமாகக் கூட்டத்தைப் பார்த்து ஏதாவது கிண்டலாகச் சொல்லுவார்; அன்று சொல்லவில்லை. வாத்தியத்தை வாயில் வைத்தார்.

ஓட்டை விழவில்லை. முதல் உருப்படியிலும் விழவில்லை, இரண்டாவதிலும் விழவில்லை. சுரங்கள் தாவின, உடைந்தன, யாரும் போகாத பக்கமெல்லாம் திரும்பின. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உறவே இல்லாமல், ஆனால் அபாரமான சுத்தத்தோடு வந்தன. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. பெலிசித்தாவும் கேட்டாள். அவர் உள்ளே எங்காவது இருக்கிறாரா என்று ஒவ்வொரு சுரமாகத் தேடினாள். மெதுவான உருப்படியில் ஒரே ஒரு இடத்தில் அவர் உயரப் போனார். ஒரு நொடி, மிகச் சின்ன நொடி, தயங்கியதுபோல் தெரிந்தது. பெலிசித்தாவின் இடதுகை அவளை அறியாமல் மேசைமேல் அந்தச் சுரத்தை அழுத்திக்கொண்டு காத்திருந்தது. அவர் வேறு பக்கம் தாவிப் போய்விட்டார். அதன் பிறகு ஒருமுறைகூட அவள் பக்கம் வரவில்லை.

வாசித்து முடித்தபோது மாடியே எழுந்து நின்றது. நின்றவர்களில் சிலர் அழுதார்கள். எழுபது வயதில் ஒரு மனிதர் தம்மையே தாண்டிவிட்டார் என்று யாரோ சொன்னது பெலிசித்தாவின் காதில் விழுந்தது. சவரிராயன் தலைகுனிந்து நன்றி சொன்னார். அவர் கண்கள் கூட்டத்தை ஒருமுறை சுற்றிவந்தன, கடைசி மேசைக்கு வந்தன, நிற்காமல் கடந்துபோயின.

கோயமுத்தூர்க்காரர் கைதட்டிச் சிவந்த உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார்.

"இவரு வாசிச்சு இதுக்கு முந்தி கேட்டிருக்கீங்களாம்மா?"

பெலிசித்தா மேடையைப் பார்த்தாள். அங்கே ஒரு கிழவர் குனிந்து வாத்தியப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க, இன்னிக்குத்தான் மொத தடவ" என்றாள்.